பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில்

மார்ச் 4

நாத்தனார் அவர்களுக்கு,

இது மூன்றாவது ஹார்ட் டிஸ்க். முதல் இரண்டை அனுப்பியபோது பெட்டிக்குள் சீட்டு எதுவும் வைக்கவில்லை, போனில் பேசிக்கொண்டோம். இனி போனில் பேசுவதாக இல்லை. நீ சிரிப்பாய், நான் கத்துவேன், உன் அண்ணன் நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டுவார். எப்படியும் இவ்வளவு பெரிய படங்கள் எங்கள் ஆஸ்பத்திரியின் இணைய இணைப்பில் போகாது, கூரியரில்தான் போயாக வேண்டும். கூடவே இந்தக் காகிதமும் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் நீ சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அண்ணி கண்ணுக்கு வாரண்டி முடிஞ்சு போச்சு, அதான் மைக்ரோஸ்கோப்பக் கட்டிப் பிடிச்சுட்டு அழுறாங்க." எல்லாரும் சிரித்தார்கள். உன் அண்ணனும் சிரித்தார். அறுத்தெடுத்த சதையில் புற்று இருக்கிறதா இல்லையா என்று இத்தனை வருடமாக இந்தக் கண்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நாலு பேர் முன்னால் அதைக் கேலி செய்ய உனக்கு எப்படி வாய் வந்தது?

இருக்கட்டும். வீடு வேறு, வேலை வேறு. உன் புரோகிராமுக்கு நியாயமாகத்தான் பரீட்சை வைப்பேன். சதைச் சீவல் ஒட்டிய ஒவ்வொரு கண்ணாடி ஸ்லைடையும் முதலில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, விடை எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிடுகிறேன். அது மறந்துபோகிற அளவுக்கு நாள் விட்டு, அதே ஸ்லைடின் படத்தை உன் திரையில் பார்த்து இன்னொரு விடை. இரண்டும் ஒத்துப்போனால் ஏப்ரல் கடைசியில் உன் புரோகிராமின் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடுவேன், மைக்ரோஸ்கோப்புகள் அலமாரிக்குப் போகும். ஒத்துப்போகாவிட்டால் போட மாட்டேன்.

இரண்டு விஷயம். சந்தேகப்படும் இடத்தைக் கண்டால் அதற்குப் பக்கத்தில், கண்ணாடியின் மேல், பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது என் பழக்கம். ஸ்கேனரில் போடுமுன் அதைத் துடைக்க வேண்டும். திரையில் புள்ளி தெரிந்தால் பரீட்சைத் தாளிலேயே விடையை எழுதிக் கொடுத்த மாதிரி. போன டிஸ்கில் இரண்டு படத்தில் புள்ளி அப்படியே இருந்தது, டெக்னீஷியனைத் திட்டினேன். இந்த வாரம் அவள் விடுப்பு. ஸ்லைடுகளை நானே தட்டில் அடுக்கினேன். இன்னொன்று, ஒரு ஸ்லைடு ஸ்கேனரிலிருந்து வெளியே வரும்போது மாட்டிக்கொண்டு நொறுங்கிவிட்டது. நல்ல வேளை, படம் எடுத்த பிறகு.

அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணி,

"நாத்தனார் அவர்களுக்கு" என்று பார்த்ததும் வக்கீல் நோட்டீஸோ என்று உறையை மறுபடி திருப்பிப் பார்த்தேன். என்னை எப்போதும்போல வாலு என்றே கூப்பிடுங்கள். வாலு என்று கூப்பிட்டுத் திட்டினால் பாதிதான் வலிக்கும்.

அன்றைக்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணி, நீங்களும் அதற்கு முன்னால் "படம் காட்டுறவ எல்லாம் டாக்டருக்குப் பாடம் எடுக்க வந்துட்டா" என்றீர்களே, அதை யாராவது கணக்கில் வைக்கிறார்களா?

நான் சும்மா படம் காட்டவில்லை. உங்கள் ஒரு ஸ்லைடை முழு அளவில் விரித்தால் பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு வரும். எந்தக் கம்ப்யூட்டரும் அதை ஒரே மூச்சில் திறக்காது. அதனால் எங்கள் புரோகிராம் அதைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, நீங்கள் எந்த மூலையைப் பார்க்கிறீர்களோ அந்தச் சதுரங்களை மட்டும் கொண்டுவந்து நிறுத்துகிறது. நீங்கள் மவுஸை நகர்த்துவதற்குள் அடுத்த சதுரம் வந்து நிற்க வேண்டும். இப்போது நிற்கிறது. அதற்காக நாங்கள் நாலு பேரும் ஒரு வருடமாகக் கழுத்து வலியோடு அலைகிறோம். உங்கள் கையெழுத்து வந்தால் கம்பெனி நிற்கும், வராவிட்டால் ஆளுக்கொரு திசை.

புள்ளி விஷயத்தை என்னிடம் விட்டுவிடுங்கள். இந்த டிஸ்கிலிருந்து அந்தத் தொல்லையே இருக்காது. என்ன செய்திருக்கிறேன் என்று இப்போது சொல்ல மாட்டேன், நீங்களே பார்த்து அசந்துபோவீர்கள். ஸ்லைடு உடைந்ததற்கும் வருத்தப்பட வேண்டாம். படம் இருக்கும்போது கண்ணாடி எதற்கு?

வழக்கம்போல ஸ்கேனர் எடுத்த அசல் படங்கள், நாங்கள் வெட்டித் தயார் செய்த படங்கள், இரண்டும் இதே டிஸ்கில் இருக்கின்றன. பார்த்து முடித்ததும் டிஸ்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். இங்கே காலி டிஸ்க் கிடையாது, வந்ததும் அழித்துவிட்டு அடுத்ததற்கு வைத்துக்கொள்வோம்.

உங்கள் வாலு

மார்ச் 24

நாத்தனாருக்கு,

மூன்றாவது டிஸ்கைத் திரையில் பார்த்து முடித்து, நேற்று உறைகளைப் பிரித்தோம். ஒன்றைத் தவிர எல்லாம் ஒத்துப்போகின்றன.

அந்த ஒன்று நகரப் பேருந்து ஓட்டும் ஒரு பெண்ணுடையது. மார்பில் கட்டி எடுத்தாயிற்று. அக்குளிலிருந்து எடுத்த நெறிக்கட்டிக்குள் புற்று பரவியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நான் எழுதியது: உண்டு, ஓரத்தில் ஒரு சிறு கொத்து. திரையில் பார்த்து நான் எழுதியது: இல்லை. இரண்டும் என் கையெழுத்து. நொறுங்கிப்போன ஸ்லைடு அதுதான்.

முதலில் பார்த்தபோதே கொத்து மிகச் சிறியதாக இருந்ததால், மெழுகில் பதித்து வைத்திருக்கும் மிச்சச் சதையிலிருந்து மறுபடி சீவிப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சீவிப் பார்த்தோம். இல்லை. இதற்கு அர்த்தம் இரண்டு. கொத்து முதல் சீவலோடு போயிருக்கலாம், அல்லது எப்போதுமே இல்லாமலும் இருக்கலாம்.

இருக்கிறது என்றால் அவளுக்குக் கடுமையான மருந்து ஏற்ற வேண்டும். அந்த மருந்தில் விரல்கள் மரத்துப்போகும், பல பேருக்கு உணர்ச்சி திரும்பி வருவதில்லை. ஸ்டியரிங் பிடிக்கிறவளுக்கு அது என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லாத நோய்க்கு அதைக் கொடுத்தால் அவள் பிழைப்பு போகும். இருக்கிற நோய்க்குக் கொடுக்காமல் விட்டால் அவளே போய்விடுவாள்.

உன் படத்தில் ஏதாவது விட்டுப்போக வழி இருக்கிறதா? நேராகப் பதில் சொல். தலையைச் சுற்றி மூக்கைத் தொடாதே.

அண்ணி

மார்ச் 28

அண்ணி,

நேராகவே சொல்கிறேன். விட்டுப்போக வழி இல்லை. நாங்கள் தயார் செய்த படத்தின் பிரதி இங்கே இருக்கிறது, அதன் எல்லாச் சதுரங்களையும் எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. நிறம் சரி, கூர்மை சரி. மறுபடி சீவிப் பார்த்ததிலும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு சாட்சி ஒரு பக்கம்.

கோபப்படாமல் படியுங்கள். மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்தது எந்த நாள்? திங்கட்கிழமை. அதற்கு முதல் நாள்தான் சாப்பாட்டு மேஜைச் சண்டை. அன்று இரவு நீங்கள் தூங்கவே இல்லை என்று அண்ணன் சொன்னார். தூங்காத கண்ணோடு, என் மேல் எரிச்சலோடு பார்த்திருக்கிறீர்கள். மனிதர்கள்தானே, ஒரு தடவை தவறக்கூடாதா? எல்லாவற்றுக்கும் திரை மேல் பழி போட்டால் நாங்கள் எங்கே போவது? மைக்ரோஸ்கோப்பை விட மனசில்லை என்றால் அதையே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், எங்கள் நாலு பேர் பிழைப்பை இழுத்தடிக்காதீர்கள்.

மூன்றாவது டிஸ்க் இன்னும் வரவில்லை. அனுப்பிவிடுங்கள்.

வாலு

ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று படித்தேன். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அதைவிட மோசம், நீ சொன்னது சரியாக இருக்குமோ என்று தோன்றிவிட்டது.

இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று நிற்கிறேன். உன் அண்ணனிடம் சொல்லாமல் கண் டாக்டரிடம் போய்விட்டு வந்தேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். நிம்மதி வர வேண்டும், வரவில்லை. கண்ணில் கோளாறு இல்லை என்றால் புத்தியில்தானே இருக்க வேண்டும்? நேற்று ஒரு சாதாரண ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அப்படிச் செய்ததில்லை.

ஒன்று மட்டும் அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தக் கொத்துக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தது ஞாபகம் இருக்கிறது. தட்டில் அடுக்கும்போது, மையைத் துடைக்கிற ஸ்பிரிட் பாட்டில் காலியாக இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. ஆகவே நான் துடைத்திருக்க முடியாது. ஆனால் திரையில் புள்ளி இல்லை! அப்படியானால் துடைத்திருக்கிறேன், துடைத்ததையே மறந்திருக்கிறேன். அல்லது புள்ளியே வைக்கவில்லை, வைத்ததாக நினைத்துக்கொள்கிறேன். புள்ளி விஷயத்தில் இப்படி என்றால் கொத்து விஷயத்தில் என் வார்த்தைக்கு என்ன மதிப்பு?

அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். திரையும் இல்லை என்கிறது, மறு சீவலும் இல்லை என்கிறது, ஆகவே "இல்லை" என்று எழுதிவிடலாம் என்பதுதான் எல்லாருடைய எண்ணமும். ஆபரேஷன் செய்த டாக்டர் அவளிடம், "அநேகமா ஒண்ணும் இருக்காதும்மா" என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாராம். நானும் தலையாட்டிவிடலாம் என்று இருக்கிறேன்.

டிஸ்கைக் கேட்டிருந்தாய். பெட்டியில் போட்டு விலாசம் ஒட்டியாயிற்று. கொடுத்தனுப்ப வேண்டும்.

அண்ணி

ஏப்ரல் 5

அண்ணி,

டிஸ்கைக் கொடுக்காதீர்கள்! கூரியர்காரர் வாசலில் நின்றால் அவர் கையிலிருந்து பிடுங்குங்கள். போனை ஏன் அணைத்து வைத்திருக்கிறீர்கள்? விரல் வலிக்க அடித்துப் பார்த்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள் என்றால், "இரு, பேனா எங்க வெச்சேன்னு தெரியல" என்கிறார். அவரை நம்பி இதை விட முடியாது. இந்தப் பெட்டி நாளையே உங்கள் கைக்கு வர வேண்டும் என்று கூரியர் ஆபீஸில் சண்டை போட்டு அனுப்புகிறேன்.

நீங்கள் புள்ளி வைத்தீர்கள். துடைக்கவில்லை. துடைத்தது நான்.

துடைக்க மறந்த புள்ளிகளைப் பற்றிப் புலம்பினீர்களே, அதற்காக ஒரு வேலை செய்தேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா. அது இதுதான். உங்கள் சதைப் படங்களில் இளஞ்சிவப்பும் ஊதாவும் உண்டு, பச்சை எங்குமே கிடையாது. அதனால் பச்சை தெரிந்தால் அது பேனா மை என்று புரோகிராமுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மை ஓரத்தில் கொஞ்சம் பரவும், அந்தக் கறை தெரியக்கூடாது என்று புள்ளியைச் சுற்றி இன்னும் கொஞ்சம் இடத்தையும் சேர்த்து வெள்ளையடித்துவிடச் சொன்னேன். உங்களை அசத்த வேண்டும் என்ற நினைப்பில் ஒருவரிடமும் கேட்கவில்லை. நெறிக்கட்டியின் ஓரத்தில் இருக்கும் கொழுப்பு படத்தில் எப்படியும் வெள்ளை வெள்ளையாகத்தான் தெரியும். அதற்குள் நான் அடித்த வெள்ளையை யார் கண்டுபிடிப்பது?

அண்ணி, நீங்கள் எங்கே புள்ளி வைப்பீர்கள்? முக்கியமான இடத்துக்குப் பக்கத்தில். என் புரோகிராம் எதை அழிக்கிறது? புள்ளியையும் அதன் பக்கத்தையும். "இங்கே பார்" என்று நீங்கள் காட்டிய இடத்தைத் தேடிப்பிடித்து அழித்திருக்கிறேன். சதுரங்களை எண்ணினேன் என்று பெருமையாக எழுதினேனே, எண்ணிக்கை எப்படிக் குறையும்? சதுரம் இருக்கிறது, உள்ளே இருந்ததுதான் இல்லை. "ஸ்பிரிட் பாட்டில் காலி" என்று படித்த பிறகுதான் சதுரத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன்.

நாங்கள் தயார் செய்த படத்தில்தான் அது போயிற்று. ஸ்கேனர் எடுத்த அசல் படம் அந்த டிஸ்கில் மட்டும்தான் இருக்கிறது, எங்களிடம் பிரதி கிடையாது. முதல் இரண்டு டிஸ்கும் வந்த அன்றே அழித்துவிட்டோம். இதையும் நான் நச்சரித்தபடி அனுப்பியிருந்தீர்கள் என்றால், இதுவும் அப்படியே போயிருக்கும். அசல் படத்தை நேராகத் திறக்க ஒரு சின்ன புரோகிராமை இதோடு வைத்திருக்கிறேன். ஆமை வேகத்தில் திறக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கண்ணைப் பற்றி இரண்டு தடவை பேசினேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 10

உனக்கு,

உன் பெட்டி வருவதற்கு முன்னாலேயே உன் அண்ணன் மூச்சிரைக்க ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். "அவ என்னமோ பச்சைய வெள்ளையாக்கிட்டாளாம், டிஸ்கக் குடுத்துடாதேன்னா." ஏதோ சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற விஷயம் என்று நினைத்து அவரைத் திட்டி அனுப்பினேன். ஆனால் டிஸ்க் இழுப்பறையில்தான் இருந்தது. விலாசம் ஒட்டி இத்தனை நாள் ஆகியும் அது போகவில்லை. உனக்கு ஒன்று வேண்டும் என்றால் உடனே எழுந்து செய்ய அப்போது எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான். என் வீம்பு ஒரு நல்ல காரியம் செய்ததாக நீ எங்கேயும் சொல்லித் திரியாதே.

அசலைத் திறந்தேன். ஒரு சதுரம் வரும், நிற்கும், இன்னொன்று வரும். என் பின்னால் டெக்னீஷியன் நின்றிருந்தாள். கொழுப்பு வந்தது, நெறிக்கட்டியின் விளிம்பு வந்தது, அப்புறம் பச்சையாக ஒரு ஓரம் வந்தது. நான் வைத்த புள்ளி. என் கண் கலங்கிவிட்டது, வெட்கமாகத்தான் இருந்தது. ஒரு நோயாளியின் உடம்பில் புற்றைத் தேடுகிறவள் தன் புள்ளியைக் கண்டு சந்தோஷப்படுவதா? அடுத்த சதுரத்தில் கொத்து இருந்தது. ஒட்டிக்கொண்டு ஏழெட்டுச் செல்கள், சந்தேகமே இல்லாமல்.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. அன்றே எல்லாரையும் கூட்டி, நீ அடித்த வெள்ளையையும் அதற்கு அடியில் இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவளுக்கு மருந்து ஏற்றுவது என்று முடிவாயிற்று.

நாங்கள் நோயாளியைப் பார்க்கிற டாக்டர்கள் இல்லை, எங்களுக்கு வருவது அவர்கள் உடம்பின் ஒரு துணுக்கு மட்டும்தான். ஆனால் இதை நானே போய்ச் சொன்னேன். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. சீருடையில் வந்திருந்தாள்.

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்களே டாக்டர். நேத்துதான் வண்டிய எடுத்து டிப்போவுக்குள்ள ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன்" என்றாள். அப்புறம், "இருந்தது எப்படி இல்லாமப் போச்சு? யாரு அழிச்சது?" என்றாள். கோபம்தான், அழுகை இல்லை.

கம்பெனி, புரோகிராம், தொழில்நுட்பக் கோளாறு என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "எங்க வீட்டுப் பொண்ணு எழுதின புரோகிராம்மா. அழிச்சதும் அவதான், கண்டுபிடிச்சதும் அவதான்" என்றேன்.

"அவளை வரச் சொல்லுங்க" என்றாள்.

அண்ணி

ஏப்ரல் 14

அண்ணி,

வெள்ளையடிக்கிற அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டேன். அது எங்கெங்கே வேலை செய்தது என்று எங்களிடம் இருக்கும் தயார் செய்த பிரதி முழுக்கத் தேடினோம். வேறு மூன்று ஸ்லைடுகளில் பச்சையைக் கண்டு அழித்திருக்கிறது. எந்தெந்த ஸ்லைடு என்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அவற்றின் கண்ணாடிகள் உங்களிடம் உடையாமல் இருக்கின்றன. மைக்ரோஸ்கோப்பை அலமாரியில் வைத்துவிடாதீர்கள், அவற்றை மறுபடி பாருங்கள். கண்ணாடி எதற்கு என்று கேட்டவளே இப்படி எழுதுகிறாள், சிரித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்தும் வேண்டாம் என்று நாலு பேரும் பேசி முடிவு செய்துவிட்டோம். படத்தில் ஒரு துளி இடத்தை மாற்றினாலும் "இங்கே மாற்றியிருக்கிறோம்" என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும், அப்படி எல்லாவற்றையும் திருத்திக்கொண்டு முதலிலிருந்து பரீட்சைக்கு வருகிறோம். அதுவரை கம்பெனி தாங்குமா தெரியாது. ஒருவன் ஏற்கெனவே வேறு வேலை தேடுகிறான்.

அந்த அம்மாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். என்ன கேட்பார்? என்ன சொல்வேன்? "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு என் விரல்களால் நான் டைப் அடிக்கப் போய்விடுவேன், அவர் விரல்கள் என்ன ஆகும்? நீங்களே எனக்காகச் சொல்லிவிடக் கூடாதா அண்ணி?

ஏப்ரல் 17

வாலு,

சொல்ல மாட்டேன். நீ வா.

நீ எழுதிய மூன்றையும் கண்ணாடியில் பார்த்துவிட்டேன், விடை எதிலும் மாறவில்லை. முதல் இரண்டு டிஸ்கில் இந்த வேலை இல்லை, அங்கே புள்ளிகள் புள்ளிகளாகவே இருந்தன. அந்த விஷயத்தில் நிம்மதியாகத் தூங்கு.

அவளுக்கு முதல் மருந்து வியாழக்கிழமை. ஏற்றி முடிக்க அரை நாள் ஆகும், பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். லேப்டாப்பை எடுத்து வா. அழித்த படத்தையும் அழிக்காத படத்தையும் அவளுக்குக் காட்டு, அவள் உடம்பு அது. எதையும் பூசி மெழுகாதே. கத்தினால் கேட்டுக்கொள். நான் வாசலில்தான் நிற்பேன், உள்ளே வர மாட்டேன், ஆனால் எங்கும் போகவும் மாட்டேன்.

நீ கையெழுத்து வேண்டாம் என்று எழுதியதைப் படித்துவிட்டு அந்த ஒப்புதல் தாளை மேஜைமேல் அப்படியே வைத்திருக்கிறேன். கிழிக்கவில்லை. இந்த மாதம் நான் தயங்காமல் போட்ட முதல் கையெழுத்து அவளுடைய ரிப்போர்ட்டில்தான். உன் தாளுக்கும் ஒரு நாள் வரும் என்றுதான் நினைக்கிறேன்.

உன் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஸ்டேஷன் வாசலில் ஆஸ்பத்திரிக்கு நேரே வரும் பஸ் நிற்கும், அதில் ஏறி வா. அது அவள் ஓட்டிய வழி. இப்போது வேறொருவர் ஓட்டுகிறார்.

அண்ணி